ஆர் எழுத்தின் கால்

மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தால் தம்பி முதலில் அதைப் பின்பக்கம் திருப்புவான். ஜன்னலோரம் கொண்டுபோய், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பளபளக்கிற தாளில் பொடிப்பொடியாக அச்சாகியிருப்பதை உற்றுப் பார்ப்பான். மருந்தின் பெயரைப் படிக்கிறான், காலாவதித் தேதியைப் பார்க்கிறான் என்று நினைத்தால் நாம் ஏமாந்தோம்.

“கம்பெனிக்காரன் எழுத்த மாத்திட்டான்க்கா. போன அட்டையில ஜி-க்குத் தாடி இருந்துச்சு. இதுல வழிச்சு விட்டுட்டான்.”

“தாடி வச்சா என்ன, வழிச்சா என்ன? முழுங்குடா.”

முழுங்குவான். தூக்கத்துக்கான மாத்திரை அது. டாக்டர் பாதி போதும் என்றார். முழுசாகப் போட்டும் விடியும்வரை அவன் கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் அக்காவுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது.

தம்பிக்குத் தொழில் சீருடைக்கு எழுத்து வெட்டுவது. காவலாளி, ஓட்டுநர், பந்து விளையாடுகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள் என்று முதுகில் பெயரோ எண்ணோ போட்டுக்கொள்கிற அத்தனை பேரும் அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, ஒட்டுகிற தாளில் மெஷினால் வெட்டி, வேண்டாத துணுக்குகளை ஊசி முனையால் கிள்ளி எடுப்பதுவரை அவன் வேலை. அதைச் சட்டைமேல் வைத்துச் சூடான பலகையால் அழுத்துவது பிரஸ் அண்ணன் வேலை. அழுத்தி அழுத்தி அவருடைய முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு.

யாராவது சாயம் போன பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, “இதே மாதிரி இன்னும் இருபது வேணும்” என்பார்கள். தம்பி அதை விரித்துப் பிடித்து, பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல அந்த எழுத்து வகையின் பெயரைச் சொல்லுவான். பாதி எழுத்து உரிந்துபோய் வெறும் பசைத்தடம் இருந்தாலும் தடத்தைப் பார்த்தே சொல்லுவான். அதனால் கடையில் அவனுக்கு எக்ஸ்ரே என்று பெயர். சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலாளி அவனுக்குத் தாராளமாகக் கொடுத்தார் என்று பிரஸ் அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அவன் கணக்கில் எழுத்து என்பது உடம்பு. கால், வயிறு, தோள், வால், தாடி என்று எல்லாம் உண்டு. ‘ழ’வுக்கு வால் சரியாகச் சுருளாவிட்டால், “பூனை வாலை யாரோ மிதிச்ச மாதிரி இருக்குக்கா” என்பான். புத்தகத்தில் இதற்கெல்லாம் வேறு பெயர் இருக்குமாம். எட்டாவதோடு நின்றுபோய் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற அக்காவுக்கு இந்தப் பெயர்கள்தான் வசதி. கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் கண் வந்துவிட்டது. போர்வை ஓரத்து முத்திரையைப் பார்த்து, “இது நம்ம வார்டு துணி இல்ல, எட்டுக்கு இடுப்பு தடிச்சிருக்கு” என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். கூட வேலை செய்கிற பெண்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். “எல்லாம் என் தம்பி பழக்கம்” என்று கொஞ்சம் பெருமையோடுதான் மடித்துப்போட்டாள்.

பழக்கம் சாக்கில் தொடங்கியது. அப்பா கிடங்கில் மூட்டை தூக்கினார். கிழிந்த சாக்குகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அக்கா அவற்றைப் பிரித்துத் தைத்துப் படுக்கையாக்குவாள். தம்பி அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, அச்சடித்த எழுத்துகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பான். ஒரே ‘எஸ்’ மூன்று சாக்கில் மூன்று விதமாக ஏன் இருக்கிறது என்று கேட்பான். “மூணு பேர் பெத்தது, மூணு மூஞ்சியா இருக்கு. தூங்குடா” என்பாள். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. கடையில் இன்றைக்கும் அதையேதான் சொல்லுகிறான்.

அவனோடு சினிமாவுக்குப் போவது பாவத்துக்குச் சம்பளம். கதாநாயகன் செத்துக்கொண்டிருப்பான். அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும். தம்பி மட்டும் அக்காவின் முழங்கையை இடித்து, “பின்னாடி அந்தக் கடைப் பலகையப் பாரு. கதை நடக்கிற காலத்துல இந்த எழுத்து பொறக்கவே இல்ல” என்பான்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, “அண்ணே, படிக்கணும்னா லைப்ரரிக்குப் போங்க. இங்க ஆள் சாகுறான்” என்றார் ஒருமுறை.

படம் முடிந்து பெயர்கள் ஓடி முடிகிறவரை எழுந்திருக்க மாட்டான். துடைப்பக்காரர் காலடியில் வந்து பெருக்கினால் காலைத் தூக்கிக்கொள்வான். கண்ணை எடுக்க மாட்டான். தெருமுனை வங்கி தன் சின்னத்தை மாற்றியபோது சாப்பாடு இறங்காமல் இருந்தான். “நல்லாத் திடமா இருந்த எழுத்த காய்ச்சல் வந்தவன் மாதிரி மெலிய வச்சுட்டாங்க.” அந்த வங்கியில் அவனுக்குக் கணக்குகூடக் கிடையாது.

முகம் மட்டும் அவனுக்கு நிற்காது. கடைக்கு நாலு தடவை வந்த ஆளைத் தெருவில் பார்த்தால் தெரியாது. சட்டையைத் திருப்பிக் காட்டினால், “அடடே, நீங்களா!” என்பான். சொந்த அத்தை மகனையே அப்படி விட்டிருக்கிறான்.

அப்படிப்பட்டவன் கண்ணில் ஒரு முகம் நின்றது என்றால் அது அவன் மனைவியின் முகம்தான். ஆற்றைக் கடக்கிற பயணிகள் படகில் கயிறு கட்டி, டிக்கெட் கிழிக்கிற வேலை அவளுக்கு. படகுக்காரர்கள் எல்லாருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை. முதுகில் CREW, க்ரூ என்று நான்கு ஆங்கில எழுத்து. ஒருநாள் அக்கரைக்குப் போன தம்பி, டிக்கெட்டைக்கூட நீட்டாமல், “உங்க முதுகுல ஒரு எழுத்து, அவர் முதுகுல வேற எழுத்து. ஒரே படகுல இது எப்படிங்க?” என்று கேட்டிருக்கிறான்.

“முதுகை அப்புறம் படிக்கலாம் சார். மொதல்ல டிக்கெட் எடுத்தீங்களா?” என்றாளாம்.

அவன் எடுக்கவில்லை. அபராதம் கட்டினான். மறுநாளும் அக்கரையில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனான். அவள் குரலுக்குப் படகே அடங்கும். அதனால் அவளைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதலாளியை நச்சரித்து, படகுக் கம்பெனியின் சட்டைகள் அத்தனையையும் தன் கடைக்கு வாங்கி, எல்லாவற்றுக்கும் ஹெல்வெட்டிகா என்கிற ஒரே எழுத்தைப் போட்டுக்கொடுத்தான். அதில் ஆர் எழுத்தின் கால் நேராகக் கீழே இறங்கும். அதைப் போலவே இருக்கிற ஏரியலில் கால் சாய்ந்து நிற்கும். நமக்கு அண்ணன் தம்பி ஜாடை. அவனுக்குப் பகலும் இரவும். “காத்துல நிக்கிறவளுக்குக் கால் நேரா இருக்கணும்க்கா” என்றான்.

“உங்க தம்பிக்கு என் மேல ஆசையா, என் முதுகு மேல ஆசையான்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி” என்று கேப்டன் அக்காவிடம் கண்ணடிப்பாள்.

காற்று அடித்த ஒரு சாயங்காலம், ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிய படகு நடு ஆற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கரையில் நின்றவர்கள் கண்முன்னால் கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் சிலர் வந்தார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள். படகில் வேலை செய்த பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி பிழைத்தாள். கேப்டன் கிடைக்கவில்லை.

நாள்கள் போய், ஆறு கடலோடு சேருகிற இடத்தில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பிணவறையில் அவர்களே சொல்லிவிட்டார்கள். மரபணுப் பரிசோதனைக்கு வரிசை நீளம், முடிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உடுப்பை அடையாளம் சொன்னால் உடனே கொடுத்துவிடுவோம் என்றார் அதிகாரி. ஒரு மேசைமேல் கண்ணாடிப் பையில் அந்த ஆரஞ்சுச் சட்டை. தம்பி மேசைக்கு அருகில்கூடப் போகவில்லை. வாசலில் நின்றபடியே பார்த்தான்.

“இது என் மனைவியோடது இல்ல சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“இது ஏரியல். அவ போட்டிருந்தது ஹெல்வெட்டிகா.”

“எந்தக் கடையில வாங்கினதுன்னு நான் கேக்கலங்க...”

“எழுத்து சார், எழுத்து. அந்த ஆர் காலைப் பாருங்க, சாய்ஞ்சு நிக்குது. அவ சட்டைக்கு நான் என் கையால வெட்டினேன். நேர்க்கால்.”

அதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. “அந்தப் படகுல வேலை செஞ்சவங்கள்ல கிடைக்காதது உங்க வீட்டம்மா ஒருத்தர்தான் தம்பி.”

“அப்போ இது வேற படகு. வேற ஆறு. எங்கயாவது விசாரிங்க. இது அவ இல்ல.”

சொல்லிவிட்டு வெளியே வந்தான். படிக்கட்டில் அக்காவின் கையைப் பிடித்தபோது அவன் கை சூடாக இருந்தது. முகத்தில் சிரிப்புகூட வந்துபோனது. “உயிரோட இருக்காக்கா. எங்கயோ கரை ஏறியிருக்கா” என்றான்.

அக்கா நம்பினாள். ஊரே தலையில் அடித்துக்கொண்டபோதும் நம்பினாள். சாக்கில் விரலை ஓட்டிய நாளிலிருந்து அவன் கண் ஒருமுறையும் தப்பியதில்லையே. பக்கத்து வீடுகளில், “எழுத்து வேறயாம். என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவளே சொல்லிவைத்தாள். தம்பி கடைக்குப் போவதை நிறுத்தினான். ஆற்றோரத்து ஊர்களில் இருக்கிற சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போய், பெயர் சொல்லத் தெரியாத பெண் யாராவது சேர்ந்திருக்கிறாளா என்று கேட்டான். திரும்பி வந்து அவளுடைய தலையணை உறையைத் துவைத்துப் போட்டான். ஈரம் காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

கேப்டனின் அம்மா ஒருநாள் காலையில் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே அக்காவிடம் கேட்டாள்.

“ஏம்மா, என் பொண்ண ஐஸ்ல படுக்க வச்சுட்டு எழுத்துப் பாடம் நடத்துறாரா உன் தம்பி?”

“அப்படி இல்லம்மா... அவன் கண்ணு...”

“அவர் கண்ணு பெரிய கண்ணுதான். எனக்கும் கண்ணு இருக்கு. அது அழுது அழுது வீங்கிக் கெடக்கு. என்னைப் போய் ஆமான்னு சொல்ல விட மாட்டேங்குறாங்க, புருஷன்தான் சொல்லணுமாம். அவ எத்தனை நாள் குளிர்ல கெடப்பா?”

உள்ளே தம்பிக்கும் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

பிரஸ் அண்ணன் அன்று மத்தியானம் வந்தார். மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தவர், விஷயம் கேள்விப்பட்டுப் பாதியில் திரும்பியிருந்தார். தம்பி உள்ளறையில் இருந்தான். கூடத்தில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன் தங்கச்சி, எக்ஸ்ரே ஏன் வேண்டாங்குறான்?” என்று கேட்டார். அக்கா சொன்னாள். ஆர் எழுத்து, கால், நேர், சாய்வு, எல்லாம்.

அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

“அந்தச் சட்டையில கால் எப்படி? சாய்ஞ்சா இருந்துச்சு?”

“ஆமாண்ணே. அதனாலதான் அது வேற...”

“ஐயோ” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தழும்புக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “இவன் பல்லு புடுங்க லீவு போட்டான்ல, அன்னைக்கு அந்தப் பொண்ணு கடைக்கு வந்துச்சு தங்கச்சி. சட்டை கயித்துல மாட்டிக் கிழிஞ்சுபோச்சு, ஆபீஸ்ல புதுசு குடுத்தாங்க, எழுத்து இல்லாம படகுல ஏற விட மாட்டாங்கன்னு. இவன் ரூம் பூட்டியிருந்துச்சு. முன்பக்கம் பில் போடுற கம்ப்யூட்டர்லதான் தொறந்தேன். என்னமோ கேட்டுச்சு. நான் ஓகேன்னு அழுத்திட்டேன்.”

அக்கா எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். இந்தக் கூடத்தோடு இதை விட்டுவிடலாம். டீயைக் குடித்துவிட்டு அண்ணன் போய்விடுவார். என்றைக்கோ ஒருநாள் மரபணுப் பரிசோதனை சொல்லத்தான் போகிறது. அதுவரை அவன் தலையணை உறை துவைத்துக்கொண்டிருக்கட்டும். அவன் கண் தப்பாது என்று தெரு முழுக்கச் சொன்னது அவள் வாய்தான். அந்த வாயால் இதை எப்படிச் சொல்ல? காலையில் வாசலில் நின்றவளின் வீங்கிய கண்கள் நினைவுக்கு வந்தன. எத்தனை நாள் குளிரில் கிடப்பாள்?

கதவைத் திறந்தாள்.

“உள்ள வாங்கண்ணே. அவன்கிட்டயே சொல்லுங்க. ஒண்ணும் விடாம சொல்லுங்க.”

தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் எதிரே குந்திச் சொன்னார். கேட்கக் கேட்க அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை. முடிந்ததும் கேட்டது வேலை விஷயம்தான்.

“எந்த மெஷின்லண்ணே தொறந்தீங்க?”

“முன்னாடி இருக்கறதுல.”

“கட்டம் ஒண்ணு வந்துச்சா?”

“வந்துச்சுப்பா. எனக்கென்ன தெரியும், ஓகே குடுத்துட்டேன்.”

“அதுல ஹெல்வெட்டிகா இல்ல” என்றான் தம்பி. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இல்லாட்டி அது கேக்கும். சரின்னா ஏரியலைப் போட்டுரும்.”

அண்ணன் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

“எனக்கு வித்தியாசமே தெரியலடா. அந்தப் பொண்ணுதான் சட்டையைத் தூக்கிப் பாத்துட்டுச் சிரிச்சுச்சு. ‘அண்ணே, கால் சாய்ஞ்சு நிக்குதே, வீட்ல பாத்தா உரிச்சு ஒட்டுற வரைக்கும் என்னை வேலைக்கு விட மாட்டாரே’ன்னுச்சு. படகுலயே கழட்டி வச்சுட்டு வர்றேன், ஞாயித்துக்கிழமை வந்து மாத்திக்கிறேன், அவர்கிட்ட மூச்சு விடாதீங்கன்னுச்சு. அப்புறம் எனக்கு ஊருக்குப் போற அவசரம்...”

“அவளே பாத்தாளா?”

“அவளேதான். நான் காட்டல.”

“கால்னா சொன்னா?”

“கால்னுதான் சொல்லுச்சு.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்ததுபோல அவன் பிடரியில் கையை வைத்தாள். அவன் தள்ளிவிடவில்லை.

அன்றைக்கே போனார்கள். கேப்டனின் அம்மாவை வழியில் ஏற்றிக்கொண்டார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது அவன் கையை நீட்ட, அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அதே அதிகாரி, அதே மேசை. எதுவும் கேட்காமல் பையிலிருந்து சட்டையை எடுத்து, முதுகுப்பக்கம் மேலே தெரியும்படி விரித்தார். ஆற்று மண்ணின் வாடை எழுந்தது. தம்பி இந்த முறை மேசையை ஒட்டி நின்றான். அண்ணன் அவசரத்தில் அழுத்தியது. தண்ணீரில் ஊறியது வேறு. ஆர் எழுத்தின் சாய்ந்த காலில் நுனி உரிந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

“உங்க மனைவியோடதுதானா தம்பி?” என்றார் அதிகாரி.

தம்பி தூக்கிக்கொண்டிருந்த நுனியைப் படிய வைத்து, அதன்மேல் பெருவிரலை வைத்தான். சூடு ஏறினால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல நகம் வெளுக்க அழுத்தினான். அதிகாரி இன்னொரு தரம் கேட்டார். விரலை எடுக்காமலே ஆமாம் என்று தலையை அசைத்தான்.